பிள்ளை முகாமில், போன் நம் கையில்

2023 ஆகஸ்ட் 1 அன்று தென் கொரியாவின் மேற்குக் கடற்கரையில், சேமாங்கம் என்ற இடத்தில் 25-வது உலக சாரணர் பெருந்திரளணி தொடங்கியது. ஜம்போரி என்றால் இன்னும் பலருக்குப் புரியும். 2025 தொடக்கத்தில் நம் மணப்பாறையில் நடந்த தேசிய ஜம்போரி பலருக்கு நினைவிருக்கும். அதையே உலக அளவில் நான்கு வருடத்துக்கு ஒருமுறை நடத்துகிறார்கள். சேமாங்கத்துக்கு 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் இருந்து சுமார் 43,000 பேர் வந்திருந்தார்கள். பெரும்பாலோர் 14 முதல் 17 வயதுப் பிள்ளைகள்.

சுமார் 34 கிலோமீட்டர் நீளத்துக்கு அணை கட்டி, கடலைத் தடுத்து மீட்ட நிலம் அது. மரம் இல்லை, நிழல் இல்லை. முகாமுக்கு முன்பு பெய்த கனமழையின் தண்ணீர் வடியாமல் நின்றதால், கூடாரத்துக்கு அடியில் பிளாஸ்டிக் பலகைகளைப் போட வேண்டியிருந்தது. வெயில் 35 டிகிரி. "முப்பத்தஞ்சுதானே, வேலூர்ல பாக்காததா?" என்று நம் ஊரில் இருந்து ஒருவர் என்னிடம் கேட்டார். கடலோரப் புழுக்கத்தில், நிழலில்லாத வெட்டவெளியில், ராத்திரியும் கூடாரத்துக்குள் படுத்து எழுந்து பார்த்தால் தெரியும். அதுவும் ஸ்காட்லாந்தில் வளர்ந்த பிள்ளைக்கு 35 என்பது வேறு கணக்கு. தொடக்க விழா நடந்த இரவிலேயே நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு வெயில் தாக்கத்துக்கு மருத்துவம் பார்க்க வேண்டி வந்தது. கழிப்பறை அசுத்தம், சாப்பாடு போதவில்லை, பூச்சிக்கடி என்று புகார்களும் வரிசையாக வந்தன.

சில நாட்களில் பிரிட்டன் அணி முகாமை விட்டு வெளியேறியது. இருந்த அணிகளிலேயே பெரியது அதுதான், சுமார் 4,500 பேர். சியோலில் ஹோட்டல் அறைகள் போதாமல் ஒரு பகுதியினர் விழா மண்டபத்தில் படுத்தார்கள். அமெரிக்கப் பிள்ளைகளைப் பியோங்டேக்கில் உள்ள ராணுவத் தளத்துக்கு அழைத்துப் போனார்கள். சிங்கப்பூரும் கிளம்பியது. அப்புறம் கானூன் புயல் வருகிறது என்றதும், ஆகஸ்ட் 8 அன்று மிச்சமிருந்த எல்லோரையும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேருந்துகளில் ஏற்றி வெளியேற்றினார்கள்.

லண்டனில் பதின்ம வயதினரோடும் அவர்கள் பெற்றோரோடும் பேசுவது என் தொழில். அதனால் இந்தக் கதையின் இன்னொரு பாதியைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன்: வீட்டில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களின் பாதியை. சேமாங்கம் என்று இல்லை. பள்ளிச் சுற்றுலா, விளையாட்டு முகாம், மாணவர் பரிமாற்றம் என எது வெளிநாட்டில் கெட்டுப்போனாலும் வீட்டில் நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். கீழே வரும் பெற்றோர் யாரும் தனி ஆள் இல்லை, பலரைக் கலந்துதான் எழுதுகிறேன்.

முதலில் நேர வித்தியாசத்தைப் பார்ப்போம். கோடையில் கொரியா லண்டனுக்கு 8 மணி நேரம் முந்தியது. பகலெல்லாம் வெயிலில் திரிந்து, வரிசையில் நின்று, பிடிக்காத சாப்பாட்டைத் தள்ளிவிட்டு, இரவு பத்து மணிக்குப் பிள்ளை கூடாரத்துக்குள் வந்து விழுகிறான். அப்போதுதான் போனை எடுக்கிறான். "அம்மா, முடியல. டாய்லெட் பக்கமே போக முடியல. என்னைக் கூட்டிட்டுப் போங்க." அனுப்பிவிட்டுத் தூங்கிவிடுகிறான். லண்டனில் அப்போது மதியம் இரண்டு மணி. அம்மா அலுவலகத்தில் இருக்கிறார். பதில் போடுகிறார், நீல டிக் வரவில்லை. கூப்பிடுகிறார், எடுக்கவில்லை. மாலை முழுக்க வயிற்றில் நெருப்பு. லண்டனில் நள்ளிரவு ஆகும்போது அங்கே காலை எட்டு மணி. பிள்ளை எழுந்து, பிரேசில்காரனோடு பேட்ஜ் மாற்றிக்கொண்டிருக்கிறான். நேற்று அனுப்பிய செய்தி அவனுக்குப் பழங்கதை. பதில் போட வேண்டும் என்றுகூடத் தோன்றாது.

பெற்றோரிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். பதின்ம வயதினர் நாளின் மோசமான நேரத்தில்தான் வீட்டை நினைக்கிறார்கள். நன்றாக இருக்கும் நேரத்தில் நம் நினைப்பே வராது, வராமல் இருப்பதுதான் இயல்பு. ஆகவே நமக்கு வந்து சேரும் படம், நாளின் அடிமட்டத்தில் எடுத்த படம். அது பொய் என்று சொல்லவில்லை. அந்த நேரத்து உண்மை அது. பாரத்தை நம்மிடம் இறக்கி வைத்ததால்தான் அவனுக்குத் தூக்கமே வந்திருக்கும். இறக்கிய பாரத்தை விடிய விடியச் சுமப்பது நாம்.

சரி, பதில் என்ன போடுவது? பெரும்பாலான பெற்றோர் மூன்றில் ஒன்றைச் செய்கிறார்கள். "ஒண்ணும் ஆகாது, சமாளி" என்கிறார்கள். அல்லது "நாளைக்கே டிக்கெட் போடுறேன்" என்கிறார்கள். அல்லது, இதுதான் அதிகம், நாற்பது கேள்வி கேட்கிறார்கள். சமாளி என்றால் பிள்ளை அடுத்த முறை சொல்ல மாட்டான், சொல்ல வேண்டிய விஷயத்தையும் சொல்ல மாட்டான். டிக்கெட் என்றால் நிலைமை தான் நினைத்ததைவிட மோசம் என்று பயப்படுவான். "கேக்கவே கஷ்டமா இருக்கு. இவ்வளவு வெயில்ல நீ இருக்கிறதே பெரிசு. சொன்னது நல்லது" என்று இரண்டு மூன்று வரி போதும். அதற்குப் பிறகு கேள்வி கேளுங்கள். அந்தக் கேள்விகள் உடம்பைப் பற்றியவையாக இருக்கட்டும்.

காரணம், கஷ்டம் வேறு, ஆபத்து வேறு. கழிப்பறை நாற்றம் கஷ்டம். ஆறவைத்த சோறு கஷ்டம். கொசுக்கடியும் கூடாரத்துப் புழுக்கமும் கஷ்டம். ஆனால் வெயில் தாக்கம் ஆபத்து, அதை ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தும் ஓரளவு கண்டுபிடிக்கலாம். இன்றைக்கு எத்தனை முறை சிறுநீர் போனாய், நிறம் எப்படி? கூச்சப்படுவான், பரவாயில்லை, கேளுங்கள். அடர் மஞ்சள் என்றாலோ காலையில் இருந்து போகவே இல்லை என்றாலோ தண்ணீர் போதவில்லை. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், தசைப்பிடிப்பு இருந்தால் நிழலுக்குப் போய், படுத்து, தண்ணீரோ உப்புச் சர்க்கரைக் கரைசலோ குடிக்க வேண்டும். உடம்பை நனைத்து விசிற வேண்டும். அரை மணி நேரத்தில் தேறவில்லை என்றால் மருத்துவக் கூடாரத்துக்குப் போயே ஆக வேண்டும். பேச்சு குழறுகிறது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறான், தள்ளாடுகிறான், மயங்கினான், வலிப்பு வந்தது என்றால் காத்திருக்கவே கூடாது. அது அவசர ஊர்தி வர வேண்டிய நிலை, வரும்வரை தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்க வேண்டும். கொரியாவில் அவசர எண் 119. எந்த நாட்டுக்குப் போனாலும் அந்த எண் பிள்ளையின் போனிலும் நம் போனிலும் இருக்க வேண்டும்.

இதில் ஒரு விஷயத்தைப் படித்த பெற்றோரே மறந்துவிடுகிறார்கள்: பிள்ளை வழக்கமாகச் சாப்பிடும் மருந்து. கவனக்குறைவுக் கோளாறுக்கு (ADHD) கொடுக்கும் சில மாத்திரைகளும் சில அலர்ஜி மாத்திரைகளும் உடம்பு வெயிலைத் தாங்குவதைக் கடினமாக்கலாம். கிளம்பும் முன் மருத்துவரிடம் கேட்டு வைப்பது நல்லது. இன்சுலின் போடும் பிள்ளை என்றால் அது வெயிலில் கெட்டுப்போகும். கூடாரத்தில் வைக்க முடியாது. குளிரில் வைக்க யார் பொறுப்பு, பெயர் என்ன என்பது வரை தெரிந்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் "பொறுத்துப் பார்ப்போம்" என்ற கணக்கில் வர மாட்டார்கள். முதல் நாளே பொறுப்பாளரைக் கூப்பிடும் உரிமை அவர்களுக்கு உண்டு.

மற்றவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம். உலக ஜம்போரியில் ஒரு நாட்டு அணிக்குள் ஒவ்வொரு பிரிவுக்கும் 36 பிள்ளைகள், 4 பெரியவர்கள். அந்த நால்வரும் பெரும்பாலும் விடுப்பு எடுத்து வந்த தன்னார்வலர்கள். அதே வெயிலில், அதே கூடாரத்தில் இருப்பவர்கள். 36 வீட்டில் இருந்தும் அம்மா தனியாக, அப்பா தனியாகக் கூப்பிட்டால் அவர்கள் போனில் இருப்பார்களா, பிள்ளைகளைப் பார்ப்பார்களா? பெற்றோரில் ஒருவர் எல்லோருடைய கேள்வியையும் தொகுத்து அனுப்பி, பதிலை வாங்கி எல்லோருக்கும் போடுவது எவ்வளவோ மேல். கிளம்பும் முன்பே அந்த ஒருவர் யார் என்று முடிவு செய்துவிடுங்கள். பதற்றம் வந்த பிறகு தேர்ந்தெடுத்தால் அதிகம் கத்துபவர்தான் தலைவர் ஆவார்.

வாட்ஸ்அப் குழுவைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். பிள்ளைகள் முகாமில் இருக்கும்போது அந்தக் குழு காய்ந்த வைக்கோல் போர்தான், பற்றிக்கொள்ள ஒரு வரி போதும். ஒருவர் பிள்ளை மயங்கினான் என்பது மாலைக்குள் பத்துப் பிள்ளைகள் ஆகிவிடும். நேற்றைய படம் இன்றைய செய்தியாக ஓடும். இன்னொரு பக்கம், "என் பெண் ஜாலியாகத்தான் இருக்கிறாள், எதுக்கு இந்த ஆர்ப்பாட்டம்?" என்று ஒருவர் எழுதுவார், அழுதுகொண்டிருக்கும் அம்மாவுக்கு அது கன்னத்தில் அறைந்தது போல இருக்கும். ஒரே முகாமில் இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு அனுபவம் இருப்பது சாதாரணம். சேமாங்கத்திலும் முகாமை விட்டுப் போக மாட்டோம் என்று அழுத பிள்ளைகள் உண்டு. குழுவை ஒரு நாளில் இரண்டு முறை பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையிடம் இருந்து வரும் செய்திக்கு மட்டும் தனி ஒலி வைத்துவிட்டு, மற்ற ஒலியை அணைத்துவிடலாம். தொலைக்காட்சிச் செய்தியையும் அப்படியே.

வீட்டுக்குள்ளும் ஒரு சண்டை நடக்கும். ஒருவர் "ஸ்கவுட்னா இதெல்லாம் இருக்கும், பழகட்டும்" என்பார். மற்றவர் "உங்க பிடிவாதத்தால்தான் அனுப்பினோம்" என்பார். யார் சொல்வது சரி என்பதில் எனக்கு அக்கறை இல்லை. பிள்ளைக்கு இருவரிடம் இருந்தும் இரண்டு வேறு செய்தி போகக் கூடாது, அவ்வளவுதான். ராத்திரி ஒருவர் முழித்திருந்தால் மற்றவர் தூங்குங்கள். அடுத்த நாள் வேலைக்குப் போவதோ, வீட்டில் இருக்கும் சின்னப் பிள்ளையைக் கவனிப்பதோ அங்கே இருப்பவனைக் கைவிட்டதாக ஆகாது. பல அம்மாக்கள் அப்படித்தான் நினைத்துச் சாப்பிடாமலே இருக்கிறார்கள்.

விமானம் ஏறிப் போய்விடலாமா என்று கேட்பவர்களும் உண்டு. பிள்ளை மருத்துவமனையில் இருந்தால் போங்கள், கேள்வியே இல்லை. இல்லையென்றால், நீங்கள் போய் இறங்கும்போது முகாமே இடம் மாறியிருக்கலாம். சேமாங்கத்தில் அதுதான் நடந்தது. இன்று கூடாரம், நாளை ஹோட்டல், நாளை மறுநாள் வேறு ஊர்ப் பல்கலைக்கழக விடுதி. நண்பர்களோடு சேர்ந்து கஷ்டப்படுகிறவனை மட்டும் தனியே பிரித்துக் கூட்டி வந்தால், மற்றவர்கள் ஆகஸ்ட் 11 அன்று சியோல் உலகக் கோப்பை அரங்கத்தில் கே-பாப் இசை நிகழ்ச்சி பார்த்தபோது அவன் வீட்டுச் சோபாவில் இருந்திருப்பான். அந்தக் கோபம் சீக்கிரம் ஆறாது.

திரும்பி வந்த பிறகுதான் என்னிடம் அதிகம் பேர் வருகிறார்கள். "வந்து ரெண்டு வாரம் ஆச்சு, ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறான்." விசாரித்தால், பிள்ளை வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே அம்மா சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அந்தக் கதையைச் சொல்லி முடித்திருப்பார். "பாவம், என்ன பாடு பட்டுட்டான்!" அவன் அதைப் பாடாக நினைக்கிறானா, வீரக்கதையாக நினைக்கிறானா, அல்லது பாதியில் பிடுங்கிய விளையாட்டாக நினைக்கிறானா என்று யாரும் கேட்கவில்லை. கதை அவனுடையது. அவனே சொல்லட்டும், சொல்லாமலும் இருக்கட்டும். முதல் வாரம் தூக்கம், குளியல், வீட்டுச் சாப்பாடு, இவை போதும். ஆனால் மூன்று நான்கு வாரம் கழித்தும் கெட்ட கனவு, தனியே படுக்கப் பயம், பள்ளிக்குப் போக மறுப்பு, அந்த நண்பர்களைத் தவிர்ப்பது என்று இருந்தால் உதவி தேடுங்கள். முகாம் என்றாலே கூட்டமும் இருட்டும் உண்டு. வெயிலைத் தவிர வேறு ஏதும் நடந்ததா என்று மெதுவாக ஒருமுறை கேட்பதும் பெற்றோர் வேலைதான்.

இன்னொன்று, பணம். பிரிட்டன் பிள்ளைகள் பலர் ஆளுக்குச் சுமார் 3,500 பவுண்டு திரட்டிப் போனார்கள். கேக் விற்றும் கார் கழுவியும் சேர்த்த காசு. கூடாரத்தைப் பாதியில் மடித்தது அவர்களுக்கு வெறும் சுற்றுலா ரத்தானது போல இல்லை. "உயிரோட வந்தியே, அது போதும்" என்று சொல்லும்போது நமக்கு நிம்மதி, அவர்களுக்கு எரிச்சல். ஏமாற்றத்துக்கு ஏமாற்றம் என்றே பெயர் இருக்கட்டும். ஏற்பாட்டாளர்கள் மேல் புகார் எழுத வேண்டும் என்று பிள்ளை விரும்பினால், பக்கத்தில் உட்கார்ந்து எழுத உதவுங்கள். நீங்களே எழுதி அனுப்பிவிடாதீர்கள்.

அடுத்த உலக ஜம்போரி 2027-ல் போலந்தில், க்தான்ஸ்க் நகரில். சேமாங்கத்தில் 14 வயதில் இருந்த பிள்ளைக்கு அப்போது 18. பங்கேற்பாளராகப் போக முடியாது, தன்னார்வலராகப் போகலாம். கேட்பார்கள், இப்போதே சிலர் கேட்கிறார்கள். தம்பி தங்கைகளும் வரிசையில் நிற்கிறார்கள். கையெழுத்துப் போடும் முன் அணிப் பொறுப்பாளரிடம் நீங்கள் கேட்க வேண்டியவை: நிழல் எங்கே, குடிநீர் எவ்வளவு தூரத்தில், கழிப்பறையை யார் எத்தனை மணிக்கு ஒருமுறை சுத்தம் செய்வார்கள், சைவம் மட்டும் சாப்பிடும் பிள்ளைக்கு என்ன கிடைக்கும், வெப்பம் எத்தனை டிகிரி தாண்டினால் நிகழ்ச்சியை நிறுத்துவார்கள், புயலோ வெள்ளமோ வந்தால் எங்கே கொண்டுபோவார்கள், அந்த முடிவை எடுப்பது யார். "அதெல்லாம் அங்க பாத்துப்பாங்க" என்று பதில் வந்தால் காசோலையை எழுதாமல் அடுத்த கூட்டம் வரை காத்திருங்கள்.