நீர்க்கூழ்மம் அல்ல, நீர்க்களி

மூளை அறுவை சிகிச்சைக்கு நோயாளி கையெழுத்திட வேண்டிய ஒப்புதல் படிவம் ஒன்று திருத்தத்துக்கு வந்தது. ‘உட்செலுத்தத்தக்க நீர்க்கூழ்மத் திசு ஒட்டுப்பொருள்’ என்று எழுதியிருந்தார்கள். ஹைட்ரோஜெல்லைத்தான் சொல்கிறார்கள். இந்த நீர்க்கூழ்மத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

ஹைட்ரோ, கிரேக்கத்தில் நீர். ஜெல் என்பது ஜெலட்டினின் சுருக்கம். அதன் வேர் லத்தீனில் ‘உறைதல்’. பிறப்புக் கதை இவ்வளவுதான்.

கூழ்மம் என்பது கொலாய்டுக்கு, அதாவது ஒரு பொருளின் நுண்துகள்கள் இன்னொன்றில் பரவி நிற்கும் கலவைக்கு, பள்ளிப் பாடநூல் எப்போதோ கொடுத்துவிட்ட பெயர். பாலும் கூழ்மம், புகையும் கூழ்மம். ஜெல் அதில் ஒரு வகை. குடும்பத்தின் பெயரையே ஒரு பிள்ளைக்கும் வைத்தால் படிப்பவர் எதைப் பிடித்துக்கொள்வார்? அதைவிடப் பெரிய குறை, கூழ் ஓடும். கேழ்வரகுக் கூழைச் சொம்பில் ஊற்றிக் குடிக்கிறோம். உளுந்தங்களியை உருட்டி, நடுவில் குழித்து நல்லெண்ணெய் விடுகிறோம். குழி கலையாமல் நிற்கிறது. ஹைட்ரோஜெல்லும் நிற்கிற பொருள்: பாலிமர் என்னும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளின் வலைக்குள் நீர் சிக்கிக்கொண்டிருக்கிறது. அதைக் களி என்னாமல் வேறென்ன சொல்வது?

2005-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ட்யூராசீல் என்ற ஹைட்ரோஜெல்லைப் பாருங்கள். தைத்த மூளையுறை வழியே மூளைத் தண்டுவட நீர் கசியாமல் அடைப்பதற்கானது. சிரிஞ்சுகள் இரண்டில் இரண்டு கரைசல்கள். முனையில் கலந்து தையல்மேல் விழுந்த சில நொடிகளில் இறுகிவிடும். எங்கே எவ்வளவு படிந்தது என்று மருத்துவர் பார்க்க நீலச் சாயமும் உண்டு. சிரிஞ்சுக்குள் இருக்கும்வரை கூழ் என்றால்கூடப் பொறுத்துக்கொள்வேன். தையலில் பட்டபின் அது களி. ‘கூழ்’ என்று படிக்கும் நோயாளி, அது உள்ளே வழிந்தோடிவிடாதா என்று பயப்பட மாட்டாரா?

‘ஒட்டுப்பொருள்’ எதற்கு? பசை இருக்கிறதே. ஈரப்பசை என்கிறோம், ஈரமும் ஒட்டும் அந்த ஒரே சொல்லில் இருக்கின்றன. மைதாப் பசை காய்ந்தால்தான் சுவரொட்டி நிற்கும். திசுப் பசைக்குக் காய வழியில்லை, இரத்தமும் நீரும் ஊறும் இடத்திலேயே பிடித்தாக வேண்டும். ‘உட்செலுத்தத்தக்க’ இன்னும் மோசம். அகராதியில் ஒவ்வொரு துண்டாகத் தேடி ஒட்டவைக்கும் மொழிபெயர்ப்பாளர்கள், முடித்ததும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டாமா? ‘ஊசிவழி’ போதும்.

‘ஊசிவழி நீர்க்களிப் பசை’ என்று திருத்தி, ‘திசுவை ஒட்டுவது’ என்று பக்கத்தில் விளக்கமும் சேர்த்து அனுப்பினேன். ‘களி கொச்சையாக இருக்கிறது’ என்று திரும்பி வந்தது. மறுபடியும் களி என்றே எழுதி அனுப்பியிருக்கிறேன்.