யானையின் நெருக்கடியை லத்தியில் அளப்பது எப்படி?

முதுமலையிலோ பந்திப்பூரிலோ உலவும் ஒரு காட்டு யானை எவ்வளவு நெருக்கடியில் இருக்கிறது என்று அறிய ரத்தம் எடுப்பது சரியான வழியல்ல. அதற்கு மயக்க ஊசி போட வேண்டும். அந்தக் கலவரத்தில் சில நிமிடங்களிலேயே கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் ரத்தத்தில் ஏறத் தொடங்கிவிடும். அளக்கப் போனதே அளவைக் கெடுத்துவிடும். அதனால் ஆய்வாளர்கள் யானையை விட்டுவிட்டு அதன் லத்தியை, அதாவது சாணத்தை, தேடிப் போகிறார்கள்.

யானை மிரண்டாலும் பசியில் வாடினாலும் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி சமிக்ஞை அனுப்பும். சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி கார்டிசாலை ரத்தத்தில் விடும். வேலை முடிந்த கார்டிசாலைக் கல்லீரல் உருமாற்றிப் பித்தநீரோடு குடலுக்குத் தள்ள, குடல் பாக்டீரியாக்கள் அதை மேலும் சிதைக்கின்றன. ஆகவே லத்தியில் கிடைப்பது பெரும்பாலும் கார்டிசாலின் சிதைபொருள்கள்தான். யானையில் இவை வெளியே வர ஏறக்குறைய ஒன்று முதல் இரண்டு நாள் ஆகும். காலையில் பட்டாசு வெடித்து விரட்டிய யானையின் லத்தியை மாலையில் எடுத்தால் அந்த விரட்டல் அதில் பதிவாகியிருக்காது. முந்தைய நாளின் கணக்குதான் கிடைக்கும்.

லத்தி புதிதாக இருக்க வேண்டும். வெளியே வந்த பிறகும் பாக்டீரியாக்கள் சும்மா இருப்பதில்லை. சிதைபொருள்கள் மாறிக்கொண்டே போகும். எனவே யானை நகர்ந்ததும் எடுப்பதே நல்லது. மழையில் நனைந்ததையும் மூத்திரம் கலந்ததையும் தொடக்கூடாது, ஏனென்றால் மூத்திரத்திலும் இதே பொருள்கள் உண்டு. ஓர் உருண்டைக்குள்ளேயே ஹார்மோன் சமமாகப் பரவியிருக்காது. அதனால் கையுறை போட்டு, பல உருண்டைகளின் நடுப்பகுதியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பிசைந்து கலந்து, ஒரு கைப்பிடி அளவு ஜிப் பையில் போட வேண்டும். உருண்டையின் வெளிப்பூச்சை மட்டும் தனியே வழித்தெடுத்தால், அதில் ஒட்டிய குடல் செல்களின் டிஎன்ஏ மூலம் எந்த யானை என்பதையும் அறியலாம். நேரில் பார்த்த யானை என்றால் காதுக் கிழிசல், தந்தத்தின் வளைவு, வால் முடி ஆகியவையே அடையாளத்துக்குப் போதும். பையில் நேரம், இடம், பாலினம், உத்தேச வயது எழுதாவிட்டால் அந்த மாதிரி குப்பைக்குத்தான்.

ஐஸ் பெட்டியில் முகாமுக்கு வந்த பை மைனஸ் 20 டிகிரியில் உறைய வேண்டும். காட்டோர முகாம்களில் மின்சாரம் போவது சாதாரணம். உருகி மறுபடி உறைந்த மாதிரியின் எண்ணை நம்ப முடியாது.

ஆய்வகத்தில் அதை உலர்த்திப் பொடித்துச் சலித்து நாரை நீக்குகிறார்கள். மழைக்கால லத்தியில் தண்ணீர் அதிகம் என்பதால் ஈர எடையில் கணக்கிட்டால் ஹார்மோன் குறைந்ததுபோலத் தோன்றும். அதனால்தான் உலர் எடையின் ஒரு கிராமுக்கு எத்தனை நானோகிராம் என்று எழுதுகிறார்கள். 0.1 அல்லது 0.2 கிராம் பொடியை நீர் கலந்த ஆல்கஹாலில் குலுக்கி, மையவிலக்கியில் சுழற்றி, மேலே தெளியும் திரவத்தை எடுக்கிறார்கள். அது 96 குழிகள் கொண்ட தட்டில் சேர்கிறது. குழியின் அடியில் ஒட்டிய எதிர்ப்புரதத்தில் (ஆன்டிபாடி) இடம்பிடிக்க, மாதிரியில் உள்ள ஹார்மோனும் நொதி இணைத்த ஹார்மோனும் போட்டி போடும். கழுவி நிறமேற்றியைச் சேர்த்தால், நிறம் தருவது அந்த நொதிதான் என்பதால், மாதிரியில் ஹார்மோன் எவ்வளவு அதிகமோ அவ்வளவு வெளிறிய நிறம் வரும். ஒரே மாதிரியை இரண்டு குழிகளில் போடுவது வழக்கம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மறுபடி செய்ய வேண்டியதுதான்.

பலர் சறுக்குவது இங்கேதான். மனித ரத்தத்துக்கான கார்டிசால் கிட் யானை லத்தியின் சிதைபொருளைப் பிடிக்காமல் போகலாம். முகாம் யானைக்கு, அட்ரினலைத் தூண்டும் ஏசிடிஹெச் ஹார்மோன் கொடுத்து, அடுத்த ஓரிரு நாள் லத்தியில் எண் ஏறுகிறதா என்று பார்த்தால்தான் அந்த முறை செல்லுமா என்று தெரியும். இந்தப் பரிசோதனையைக் காட்டாத ஆய்வை நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

எண் கிடைத்த பிறகுதான் உண்மையான சிக்கல். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் சஞ்சீதா சர்மா பொக்கரேல், ராமன் சுகுமார் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், எலும்பு துருத்தும் அளவுக்கு மெலிந்த யானைகளிடம் இந்தச் சிதைபொருள் அதிகமாக இருந்தது. வறட்சிக் காலம் மெலிவைக் கூட்டியது. மனிதத் தொந்தரவு இல்லாமலே, பசி மட்டும் எண்ணை உயர்த்தக்கூடும். 2019இல் அதே குழுவினரின் இன்னொரு ஆய்வு பலரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. பயிர்களுக்குள் புகும் யானைகளிடம் அளவு அதிகமாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பாதுகாக்கப்பட்ட காட்டு யானைகளைவிட அவற்றிடம் அளவு குறைவாக இருந்தது. நெல்லும் வாழையும் காட்டுப் புல்லைவிடச் சத்தானவை. நல்ல தீனி அழுத்தத்தைத் தணித்திருக்கலாம் என்பது அவர்கள் விளக்கம்.

இதை வைத்து வயலோர யானை சுகமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. மின்வேலியும் ரயிலும் ஹார்மோனில் தெரியாத ஆபத்துகள். நீண்ட கால அழுத்தத்தில் அட்ரினலின் பதில் மங்கிப்போகவும் கூடும். அப்போது குறைந்த எண் நலத்தின் அடையாளம் ஆகாது. மாறாக, ஆணுக்கு மதம் பிடிக்கும் பருவம், வயது, பாலினம் எல்லாமே எந்தக் கெடுதலும் இல்லாமல் எண்ணை அசைக்கக்கூடியவை. எனவே ஒற்றை லத்தியை வைத்து எந்த முடிவும் எடுப்பதில்லை. ஒரே யானையிடம் பல பருவங்களில் எடுத்த மாதிரிகளும், அதே நாளில் விலா எலும்பையும் இடுப்பெலும்பையும் பார்த்துப் போட்ட உடல்நிலை மதிப்பெண்ணும், அந்தப் பகுதியில் அப்போது என்ன புல் இருந்தது என்ற குறிப்பும் சேர்ந்தால்தான் வனத்துறை எதையாவது மாற்றலாம்: தண்ணீர்த் தொட்டியின் இடத்தையோ, புல்லை நெருக்கும் களையான உண்ணிச் செடியை அகற்றும் வேலையின் வரிசையையோ, சுற்றுலா வண்டிகளின் எண்ணிக்கையையோ. மத்திய இந்தியாவின் கன்ஹா, பாந்தவ்கர் காப்பகங்களில் இதே முறையில் புலியின் எச்சத்தை ஆராய்ந்தபோது, சுற்றுலா நடக்கும் மாதங்களில் அளவு உயர்ந்திருந்தது.