ஹோலோகிராம்: முப்பரிமாணப் படமா, முழுவரைவா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மருந்துக்கடை ஒன்றில் அக்காவுக்கு இனிப்புநீர் மாத்திரை வாங்கிக்கொண்டு நின்றோம். பெட்டியின் ஓரத்தில் சுகாதார அமைச்சின் மினுமினுக்கும் ஒட்டுவில்லை. படிவம் நான்கில் படிக்கும் அக்கா மகள் அதைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "மாமா, ஹோலோகிராமுக்குத் தமிழ்ல என்ன?" என்றாள். "முப்பரிமாணப் படம்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வருவதற்குள் அது எனக்கே உறுத்த ஆரம்பித்தது.

சிவப்பு நீலக் கண்ணாடி போட்டுப் பார்க்கும் சினிமாவும் முப்பரிமாணம்தான். அது ஹோலோகிராம் அல்ல. இன்னொரு பக்கம், படமே இல்லாத ஹோலோகிராம்களும் உண்டு. சூரிய மின்சாரத்துக்கும் உணரிகளுக்கும் (சென்சார்) உதவுபவை பெரும்பாலும் அவைதான்.

சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. 'ஹோலோஸ்' என்றால் முழுமை, 'கிராம்மா' என்றால் எழுதப்பட்டது. ஹங்கேரியில் பிறந்த டென்னிஸ் கேபர், 1947-இல் இங்கிலாந்தின் ரக்பி நகரில் எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் படத்தைத் தெளிவாக்க வழி தேடியபோது இந்த முறையைக் கண்டார். 1948 மே மாதம் அதை வெளியிட்டார். 1960-இல் லேசர் வந்த பிறகே முறை முழுதாகக் கைகூடியது. கேபருக்கு 1971-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, எது முழுமை? சாதாரணப் புகைப்படம் ஒளி எவ்வளவு விழுந்தது என்பதை மட்டும் பதிக்கும். ஹோலோகிராம் அந்த ஒளி அலை எந்தக் கட்டத்தில், அதாவது மேட்டிலா பள்ளத்திலா, வந்து சேர்ந்தது என்பதையும் சேர்த்துப் பதிக்கும். குட்டையில் இரண்டு கற்களைப் போட்டால் வளையங்கள் ஒன்றோடொன்று மோதி ஒரு கோலம் உண்டாகுமே, அதுபோல் இரண்டு லேசர் கற்றைகள் மோதும் கோலத்தை ஜெலட்டினிலோ பாலிமரிலோ உறைய வைக்கிறார்கள். அந்தக் கோலம் நுண்ணிய வரிகளால் ஆனது; சில வகைகளில் ஒரு மில்லிமீட்டருக்குள் 5,000 வரிகளுக்கு மேல் இருக்கும். பெரிய ஹோலோகிராமை உடைத்தால், ஒரு துண்டிலும் முழுக் காட்சி தெரியும், கொஞ்சம் மங்கலாக.

இந்த வரிகளின் வேலை பால்மரம் வெட்டியவர்களுக்குச் சட்டென்று புரியும். பட்டையில் சாய்வாக ஒரு கோடு போட்டால் பால் அந்த வழியே இறங்கி மங்கில் (கிண்ணத்தில்) விழும். சூரியத் தகட்டில் ஹோலோகிராம் ஏடு, அதாவது வரிகள் பதிந்த மெல்லிய படலம், செய்வதும் ஏறக்குறைய அதுதான்: பரந்து விழும் வெயிலை வளைத்து, வெயிலை மின்சாரமாக்கும் குறுகலான சிலிக்கன் பட்டையில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இங்கே மங்கு அந்தச் சிலிக்கன்தான், அதன் விலை அதிகம், ஆகவே சின்னதாக இருந்தால் லாபம். அதோடு, மின்சாரமாக மாறும் நிறங்களை மட்டும் பட்டைக்குத் திருப்பி, சூடு மட்டும் தரும் அகச்சிவப்பை ஒதுக்கிவிடவும் முடியும். சிலிக்கன் சூடானால் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 விழுக்காடு திறன் குறைகிறதே! ஆனால் இதற்கு நேர் வெயில் வேண்டும். மத்தியானம் ஆனால் மேகம் கவிழும் நம்மூர் வானத்துக்கு இது அவ்வளவு தோதில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நம்மூரில் இன்னொரு எதிரி ஈரப்பதம். ஜெலட்டின் ஏடு ஈரத்தைக் குடித்து உப்பினால் வரிகளின் இடைவெளி விரியும், அது திருப்பும் நிறமும் மாறிவிடும். அதனால் கண்ணாடிக்குள் அடைத்து வைக்கிறார்கள். இந்தக் கோளாறையே வேலைக்கு வைத்தால் அது உணரி. ஈரம் ஏறினால் நிறம் சிவப்புப் பக்கம் போகும், காய்ந்தால் நீலப் பக்கம் திரும்பும். மின்கலம் வேண்டாம், கண்ணே போதும். கேம்பிரிட்ஜில் கிறிஸ்டோபர் லோவின் குழு, சர்க்கரை பட்டால் உப்பும் ஜெல்லில் இதையே செய்து பார்த்தது. கண்ணில் போடும் லென்ஸில் வைத்துக் கண்ணீரில் உள்ள சர்க்கரையை அறியலாமா என்றும் ஆராய்ந்தார்கள். அக்காவிடம் சொன்னேன், விரலில் ஊசி குத்தாமலா என்று கேட்டார்.

இதில் எங்கே படம் இருக்கிறது? சீனர்கள் 'முழுச்செய்தி' என்று பொருள்படும் சொல்லை வைத்திருக்கிறார்கள், அது மூலத்துக்கு நெருக்கம். தமிழில் 'முழுவரைவு' எனலாம். உள்ளே இருப்பது வரிகள்தான் என்பதால் 'வரை' இங்கே நன்றாக உட்காருகிறது. சங்க அகப்பாடல்களில் வரைவு என்றால் கல்யாணம், அதனால் தமிழாசிரியர்கள் சிரிக்கலாம், சிரிக்கட்டும். முழுவரைவு ஏடு, முழுவரைவு உணரி என்று சேர்த்துச் சொல்லவும் வருகிறது.

அக்கா மகள் நோட்டில் எழுதிக்கொண்டாள். அப்புறம், மேடையில் செத்துப்போன பாடகரை ஆட வைக்கிறார்களே, அதுவும் முழுவரைவா என்றாள். அவற்றில் பெரும்பாலானவை சாய்த்து வைத்த கண்ணாடித் தாளில் விழும் பிம்பம், 19-ஆம் நூற்றாண்டு நாடக மேடைத் தந்திரம். அதற்கு வெறும் 'பிம்பம்' போதும் என்றேன்.