டேப் டான்ஸ் வகுப்பில் சேரும் முன் தரையைத் தட்டிப் பாருங்கள்

அடியில் உலோகத் தகடு பொருத்திய ஷூவால் தரையைத் தட்டித் தாளம் எழுப்பும் நடனம் டேப் டான்ஸ். அதற்கு வகுப்பு தேடி வரும் பெற்றோர் முதலில் கேட்பது கட்டணமும் நேரமும்தான். தரை என்ன தரை என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. ஆனால் மாணவரின் முழங்காலையும் காதையும் தீர்மானிப்பது அந்தத் தரைதான்.

கான்கிரீட் மேல் ஒட்டிய டைல்ஸ், மார்பிள், மொசைக் எதுவும் டேப்புக்கு ஆகாது. கான்கிரீட் வளைந்து கொடுக்காது. குதிகாலை இறக்கும் ஒவ்வொரு முறையும் அதிர்ச்சி நேராகக் கெண்டைக்காலுக்கும் முழங்காலுக்கும் ஏறும். போதாததற்கு, ஷூவின் உலோகத் தகடு மார்பிளில் வழுக்கவும் செய்யும். நல்ல தரை என்றால் மரச்சட்டங்கள் மேல் தூக்கிப் போட்டது, அடியில் காற்றுக்கு இடம் இருப்பது. 18 மி.மீ. பிளைவுட், அதன் மேல் தேய்ந்தால் மாற்றிக்கொள்ள ஹார்ட்போர்டு என்று அமைத்தாலே பெரும்பாலான வகுப்புகளுக்குப் போதும். பாலே வகுப்புக்கு விரிக்கும் வினைல் காலுக்கு இதம்தான், ஆனால் சத்தத்தை விழுங்கிவிடும். சோதிப்பது எளிது: ஷூவோடு நின்று குதிகாலை ஒரு தடவை இறக்குங்கள். கீழே கூடு இருப்பது போன்ற முழக்கம் வந்தால் நல்லது. வறண்ட ‘டக்’ வந்து முழங்காலில் உறைத்தால், மேலே மரம் தெரிந்தாலும் அடியில் கான்கிரீட்தான்.

ஷூவுக்கு வருவோம். முன்பாதத்தில் ஒரு தகடு, குதிகாலில் ஒரு தகடு. ஸ்க்ரூவில் பொருத்திய தகடே மேல், கழற்றலாம், முடுக்கலாம். ஸ்க்ரூவைச் சற்றுத் தளர்த்தினால் கலகல என்று ஒரு சத்தம் வரும். அதை வேண்டுமென்றே செய்பவர்களும் உண்டு. ஆரம்ப மாணவருக்கு அது வேண்டாம். எந்தச் சத்தம் காலில் இருந்து வருகிறது, எது தகட்டில் இருந்து வருகிறது என்று பிரித்துக் கேட்க முடியாமல் போகும். துருத்தி நிற்கும் ஸ்க்ரூ தரையைக் கீறும், காலை மாட்டி இழுக்கும். ஸ்க்ரூ டிரைவர் இல்லாத டேப் ஆசிரியரின் பையை நாங்கள் நம்புவதில்லை.

எந்தப் பாணி என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் தாள நடனமும், ஐரிஷ், ஆங்கிலேய மரச்செருப்பு நடனங்களும் கலந்து பிறந்தது டேப். அமெரிக்க டேப் கலைஞர்களில் பில் ‘போஜாங்கிள்ஸ்’ ராபின்சன் நிமிர்ந்து, முன்பாதத்திலேயே லேசாக ஆடியவர். அவர் பிறந்த மே 25தான் அமெரிக்காவில் டேப் நாள். ஜான் பபிள்ஸ் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, குதிகால் அடிகளை உள்ளே நுழைத்தார். ரிதம் டேப் என்று இன்று சொல்வதற்கு அதுவே அடித்தளம். நிகோலஸ் சகோதரர்கள் தாவலும், கால்களை அகல விரித்துத் தரையில் இறங்கும் ஸ்ப்ளிட்டும் சேர்த்த ஃப்ளாஷ் பாணிக்காரர்கள். நியூயார்க்கின் இசை நாடக மேடைகளில் ஆடும் பிராட்வே பாணியில் கையும் உடலும் மேடைக்காக விரியும். ரிதம் டேப்பில் கால் தரையை விட்டு அதிகம் விலகாது, ஆடுபவர் ஒரு டிரம்மர் மாதிரி. பிராட்வே ஆட ஆசைப்பட்ட பிள்ளையை ரிதம் வகுப்பில் சேர்த்துவிட்டு, ‘கையை ஆட்டவே சொல்லித் தரவில்லை’ என்று குறைப்படுவதில் அர்த்தமில்லை.

எந்தப் பாணியானாலும் தொடக்கம் ஷஃபிள்தான். இடது கால் முழங்கால் தளர்ந்து நிற்க, உடல் எடை முழுவதும் அதில். வலது காலின் முன்பாதம் முன்னோக்கி உரசி ஒரு சத்தம், பின்னோக்கி உரசி ஒரு சத்தம். பாதம் போகும் தூரம் ஒரு சாண் கூட வேண்டாம். தவறு மூன்று இடத்தில் நடக்கும். பந்து உதைப்பது போல முழங்காலில் இருந்து வீசினால் இரண்டு சத்தத்துக்கும் நடுவே ஓட்டை விழும், தொடையும் சீக்கிரம் களைக்கும். கணுக்காலை இறுக்கினால் உரசலுக்குப் பதில் இடி. நிற்கும் கால் விறைத்தால் உடம்பே ஊசலாடும். திருத்த மாணவரை நாற்காலியில் உட்கார வையுங்கள். எடை என்ற கவலை போய்விடுவதால் கணுக்கால் தானே தளரும். ஆசிரியர் திரும்பி நின்று காதால் மட்டும் கேட்கட்டும். இரண்டு சத்தமும் ஒரே அளவில் வந்த பிறகு கம்பியைப் பிடித்து நின்று செய்யலாம்.

அடுத்தது ஃபிளாப்: முன்னோக்கி ஓர் உரசல், உடனே அதே காலில் எடையோடு ஓர் அடி. ஆரம்பத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒற்றை ‘டப்’ ஆகிவிடும். உரசிய பின் பாதத்தைக் காற்றில் நிறுத்தி, ஒரு கணம் விட்டு, முன்பாதத்தில் இறக்கச் சொல்லுங்கள். குதிகால் தரையைத் தொடக் கூடாது. பரதநாட்டியம் பயின்றவர்களுக்கு இங்கேதான் திணறல். அரைமண்டியும் முழுப்பாதத் தட்டும் உடம்பில் ஊறிப்போனதால் எடை கீழே உட்கார்ந்துவிடும். லயம் அவர்களுக்கு ஏற்கெனவே உண்டு, எடையை மட்டும் முன்பாதத்துக்கு நகர்த்தினால் வேகமாக முன்னேறுவார்கள்.

ஷஃபிளில் எடை மாறாது, ஃபிளாப்பில் மாறும். ‘அடுத்த அடிக்கு எந்தக் கால்?’ என்று தடுமாறும் மாணவருக்குப் பெரும்பாலும் ஞாபகம் குறையில்லை, எடை எங்கே இருக்கிறது என்று தெரியாததுதான் குறை. கிராம்ப் ரோல் என்ற நான்கு சத்த அடியில் இது அப்பட்டமாகத் தெரியும்: வலது முன்பாதம், இடது முன்பாதம், வலது குதி, இடது குதி. நான்கு சத்தம் கேட்க வேண்டும். மூன்றுதான் கேட்டால் இரண்டு குதிகளும் சேர்ந்து விழுகின்றன.

தாளத்தில் இரண்டு சிக்கல்கள். டைம் ஸ்டெப் என்ற, திரும்பத் திரும்ப ஆடும் அடிக்கோவை எட்டாவது எண்ணிக்கையில் தொடங்கும், ஒன்றில் அல்ல. ‘ஐந்து, ஆறு, ஏழு’ என்று எண்ணிவிட்டு ஆசிரியர் வாயை மூடினால் மாணவர் ஒன்றுக்காகக் காத்திருப்பார். ‘எட்டு’ வரும்போதே கால் இறங்கியிருக்க வேண்டும். மற்றொன்று ஸ்விங், அதாவது ஜாஸ் இசையின் துள்ளல் நடை. ஒரு தாள அடியைச் சமமாக இரண்டாகப் பிரித்தால் ஜாஸ் வராது. ‘தகிட’ சொல்லி ‘கி’யை மட்டும் விழுங்குங்கள், நீளமும் குறுக்கமும் தானே அமையும். கதக் கலைஞர் சித்ரேஷ் தாஸும் டேப் கலைஞர் ஜேசன் சாமுவேல்ஸ் ஸ்மித்தும் ஒரே மேடையில் காலாலேயே சவால் ஜவாப் (கேள்வி பதில்) நடத்தியதைப் பார்த்தவர்களுக்கு இந்த உறவு புதிதாக இருக்காது.

ஒரு மணி நேர வகுப்பென்றால் முதல் பத்து நிமிடம் கணுக்கால் சுழற்சி, கெண்டைக்கால் ஏற்றம், மெதுவான குதி இறக்கம். பிறகு இசையில்லாமல் அடிப்படை அடிகள். எல்லோரும் சேர்ந்து தட்டினால் தவறு மறைந்துவிடும். ஆகவே இரண்டு இரண்டு பேராகக் கேளுங்கள், மற்றவர்கள் கைதட்டித் தாளம் காக்கட்டும். சத்தம் தெளிந்த பிறகே பாட்டு, அதுவும் நிமிடத்துக்கு 90, 100 தாள அடி வேகத்தில். கடைசியில் ஆளுக்கு நான்கு பார் (ஒரு பார் என்பது நான்கு தாள அடி) தோன்றியதை ஆடட்டும். சில மாதம் போனதும் ஷிம் ஷாம் என்ற டேப் நடனத்தைக் கற்றுக்கொடுக்கலாம். லியனார்ட் ரீட், வில்லி பிரையண்ட் இருவரும் 1920களில் உருவாக்கியது. எட்டு பார் வீதம் நான்கு பகுதி. உலகில் எங்கு டேப் கலைஞர்கள் கூடினாலும் சேர்ந்து ஆடுவது அதைத்தான்.

முன்னங்கால் எலும்பை ஒட்டிய வலியை அலட்சியம் செய்யாதீர்கள். விரல்களைத் தூக்கும் தசை அங்கேதான் இருக்கிறது, ஷஃபிளில் அது ஓயாமல் உழைக்கிறது. புது மாணவருக்கு லேசான உளைச்சல் வந்து போவது இயல்பு. மறுநாளும் நீடித்தாலோ, எலும்பில் ஒரு புள்ளியை அழுத்தினால் சுரீர் என்றாலோ வகுப்பை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

வீட்டுப் பயிற்சிக்கு நான்கடிக்கு நான்கடி பிளைவுட் பலகை போதும். நகராமல் இருக்க அடியில் பழைய கம்பளம் விரியுங்கள். கீழ்த்தளத்தில் ஆள் இருந்தால், இரவு எட்டு மணிக்கு மேல் ஷூவைக் கழற்றிவிட்டு சாக்ஸ் காலோடு நாற்காலியில் அமர்ந்து செய்யலாம்.