பூந்தண்டில் இலை முளைத்தால் கத்தரியை எடுக்காதீர்கள்

மாசி முடிந்து வெயில் ஏறத் தொடங்கியதும், வீட்டில் ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் எனக்கு அனுப்பும் படங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். பூந்தண்டின் கணுவில், மொட்டு வரவேண்டிய இடத்தில் இரண்டு குட்டி இலைகள். கூடவே "ஏதோ நோய் போலிருக்கிறது, வெட்டிவிடலாமா?" என்ற கேள்வி. பல பேர் பதில் வருவதற்குள் வெட்டியும் விடுகிறார்கள். அந்தச் செடிக்கு நோயே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

நம் வீடுகளுக்கு வருவது பெரும்பாலும் ஃபலெனாப்சிஸ் என்ற ஆர்க்கிட் வகை. அடியில் நாலைந்து தடித்த இலைகள், மேலே வளைந்த தண்டில் வரிசையாக அகன்ற பூக்கள். இது பூந்தண்டு விடுவதா வேண்டாமா என்பதை முடிவு செய்வது உரத்தைவிட வெப்பநிலைதான். சில வாரங்கள் தொடர்ந்து 25, 26 டிகிரிக்குக் கீழே இருந்தால் இலை இடுக்கில் உறங்கும் மொட்டு தண்டாக எழும்பும். 28-க்கு மேலேயே இருந்தால் எழும்பாது. பெரிய பசுமைக்குடில்களில் இதை வைத்துத்தான் பூக்கும் காலத்தையே தீர்மானிக்கிறார்கள். செடி வளரும்வரை சூட்டில் வைத்து, பிறகு குளிரவிட்டுத் தண்டு எடுப்பார்கள். அப்படிப் பூத்த செடியைத்தான் நாம் கடையில் வாங்கிச் சென்னை வெயிலுக்குக் கொண்டுவருகிறோம்.

தண்டின் கணுக்களில் மெல்லிய செதிலுக்குள் ஒரு மொட்டு காத்திருக்கும். அது கிளைத்தண்டாகிப் பூக்கலாம், தனிச் செடியாகவும் ஆகலாம். தண்டு இளசாக இருக்கும்போது சூடு கூடினால் இரண்டாவதுதான் நடக்கும். இந்தக் குட்டிச் செடியை வளர்ப்பவர்கள் கெய்க்கி என்பார்கள். பூ வராத ஏமாற்றம் புரிகிறது. ஆனால் தாய்ச்செடியின் அதே நிறப் பூவைத் தரக்கூடிய இன்னொரு செடி சும்மா கிடைக்கிறதே, அதை ஏன் வெட்டி எறிய வேண்டும்? இரண்டு மூன்று இலைகளும், சுமார் 5 சென்டிமீட்டர் நீள வேர்களும் வரும்வரை தண்டிலேயே விடுங்கள். கணுவின் இருபுறமும் கொஞ்சம் தண்டு சேர்த்து வெட்டி, கரித்துண்டும் மரப்பட்டையும் போட்ட சின்னத் தொட்டியில் வையுங்கள். பூக்க இரண்டு, மூன்று வருடம் ஆகலாம்.

ஒரு எச்சரிக்கை. உயிருக்குப் போராடும் செடியும் குட்டி போடும். அதனால் கெய்க்கியைப் பார்த்த உடனே வேரைப் பாருங்கள். நனைந்தபின் பச்சையாகவும், காய்ந்தபின் வெள்ளி நிறமாகவும் இருந்தால் நல்ல வேர். பழுப்பாகி, அமுக்கினால் கூழாகப் பிதுங்கினால் அழுகல். கடையில் வாங்கும் செடிகளின் வேர்களுக்கு நடுவில் இறுக்கமாக ஒரு பாசிக் கட்டி இருக்கும். மேலே காய்ந்து தெரிந்தாலும் உள்ளே தண்ணீர் நிற்கும். நான் பார்த்த வேரழுகலில் பெரும்பகுதி அங்கேதான் ஆரம்பிக்கிறது. பூ முடிந்ததும் அதை எடுத்துவிடுவது நல்லது.

அப்புறம், "ஸ்பைக் (பூந்தண்டு) வந்தது, ஒரு மாதமாக அப்படியே நிற்கிறது" என்பார்கள். படத்தைப் பார்த்தால் பலமுறை அது வேராக இருக்கும். வேரின் நுனி வழவழப்பாக, உருண்டையாக இருக்கும். பூந்தண்டின் நுனி சற்றுத் தட்டையாக, கூம்பி, செதில் மூடியிருக்கும். நிஜமாகவே தண்டுதான் நின்றுவிட்டதென்றால் சூடும் வேரும்தான் முதல் சந்தேகம். இரவில் மட்டும் ஏசி போட்டுவிட்டுப் பகலில் அதே அறை 32 டிகிரிக்குப் போனால் பெரிய பலன் இல்லை. பகலும் தணிய வேண்டும். ஏசிக் காற்று நேராகச் செடிமேல் படவும் கூடாது.

மொட்டு வந்து, மஞ்சளாகி, விரியாமலே உதிர்கிறதா? பக்கத்தில் பழக்கூடை இருக்கிறதா பாருங்கள். சித்திரை, வைகாசியில் மாம்பழம் பழுக்கவைக்கும் அறையில் ஆர்க்கிட் வைக்கவே கூடாது. பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு மொட்டை உதிர்த்துவிடும். சாம்பிராணி, ஊதுபத்திப் புகையிலும் அந்த வாயு உண்டு என்பதால் பூஜை அறைப் பக்கமும் வேண்டாம். மொட்டுகள் கோணலாக, வடுக்களோடு வந்தால் கணுச் செதிலுக்குள்ளும் மொட்டின் அடியிலும் இலைப்பேனோ மாவுப்பூச்சியோ இருக்கலாம். மாவுப்பூச்சியைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் தொட்ட பஞ்சால் துடைத்தெடுக்கலாம். பூச்சியே இல்லாமல் தண்டில் தெளிவான தேன்துளி மட்டும் இருந்தால் கவலை வேண்டாம், செடியே அதைச் சுரக்கும்.

அரிதாக, இலைகளுக்கு இடையில் பக்கவாட்டில் வராமல் நட்ட நடுக்குருத்திலிருந்தே தண்டு கிளம்பும். இதைப் பார்த்து மகிழ்ந்து போகிறவர்கள் உண்டு. குருத்தே பூவாகிவிட்டதால் அந்தச் செடியில் இனிப் புது இலை வராது. தண்டை வெட்டினாலும் குருத்து திரும்பாது. இருக்கும் இலைகளைக் காப்பாற்றி வைத்தால் அடியிலிருந்து பக்கக் கன்று வர வாய்ப்பிருக்கிறது, அதுவரை தண்ணீரையும் வெளிச்சத்தையும் மாற்றாதீர்கள்.

எந்தத் தண்டை வெட்டினாலும் ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் நடுவில் கத்தரியின் வாயைத் தீயில் காட்டி ஆறவிடுங்கள். ஆர்க்கிட்களைத் தாக்கும் சிம்பிடியம் மொசைக் வைரஸ் செடியின் சாறு வழியாகத்தான் பரவுகிறது, வந்துவிட்டால் மருந்து இல்லை. பூவில் நிறம் திட்டுத் திட்டாக உடைந்தோ, இலையில் கருங்கோடுகள் குழிந்தோ தெரியும் செடியை மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். அதன் கெய்க்கியை யாருக்கும் கொடுக்காதீர்கள்.