பின்சக்கரத்தைத் தூக்கினால் கியர் வண்டியைப் பிடிக்காது

மலைப்பாதையில் ஜாக்கியிலிருந்து நழுவிய ஜீப்புகள் பட்டறைக்கு வரும்போதெல்லாம் ஓட்டி வந்தவர் கேட்பது ஒன்றுதான்: “கியர் போட்டுத்தானே நிறுத்தினேன், அப்புறம் எப்படிண்ணே உருண்டது?”

கியர் பிடிப்பது சக்கரத்தை அல்ல, நடுவில் ஓடும் ஷாஃப்ட்டை. அந்த ஷாஃப்ட்டுக்கும் பின்சக்கரங்களுக்கும் இடையில், இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் இருக்கிறது. ஒரு பின்சக்கரம் அந்தரத்தில் இருந்தால் அது பின்னோக்கிச் சுழலும், தரையில் இருக்கும் சக்கரம் முன்னோக்கி உருளும். ஷாஃப்ட் அசையாமலே வண்டி கிளம்பிவிடும்.

ஹேண்ட் பிரேக்? பெரும்பாலான வண்டிகளில் அது பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். ஒன்றைத் தூக்கிவிட்டால் பிடி பாதிதான். பழைய வில்லீஸ் ஜீப்பில் ஹேண்ட் பிரேக்கே ஷாஃப்ட்டில்தான் இருக்கிறது, அதனால் அதுவும் கியரைப் போலவே கைவிட்டுவிடும்.

ஃபோர் வீல் டிரைவ் வண்டியென்றால் தூக்குவதற்கு முன்பே லிவரை ஃபோர் லோவில் (நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவையோடு ஓடும் நிலை) போட்டு, கியரிலும் நிறுத்துங்கள். முன்சக்கரங்களும் சேர்ந்து பிடிக்கும். முன்பக்கம் ஹப் லாக் (சக்கரத்தை ஆக்ஸிலோடு இணைக்கும் பூட்டு) இருந்தால் அதையும் பூட்ட வேண்டும். இவ்வளவு செய்தாலும் தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போடாமல் ஜாக்கியைத் தொடாதீர்கள்.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலை ஏறும் பாதை மாதிரி கல்லும் சரிவுமான இடத்தில் டயர் போனால், அங்கேயே ஜாக்கி போட வேண்டாம். எல்லோரையும் இறக்கிவிட்டு, சமமான இடம் வரை மெதுவாக உருட்டிப் போங்கள். டயர் கிழியும், ரிம் நெளியலாம். போகட்டும், ரிம்மை வாங்கிக்கொள்ளலாம்.

சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள். ஜாக்கிக்கு அடியில் ஓரடி அகலமுள்ள தடித்த பலகை வையுங்கள். செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ வேண்டாம், எடை ஏறினால் பொடிந்துவிடும். இரு பக்கச் சக்கரங்களையும் ஒரே நேர் ஆக்ஸில் தாங்கும் வண்டியில், சக்கரத்துக்குப் பக்கத்தில் ஆக்ஸிலுக்கு அடியிலேயே ஜாக்கியை வைக்கலாம். சேஸிஸில் வைத்தால் ஸ்பிரிங் விரிந்து சக்கரம் தொங்கிக்கொண்டே இருக்கும், அதனால் வண்டியை வெகு உயரம் தூக்க வேண்டிவரும். தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள முன்பக்கத்துக்கு, வண்டியோடு வந்த கையேடு காட்டும் இடம் மட்டுமே.

ஏற்றும்போது ஜாக்கியின் தலையைப் பாருங்கள். ஆக்ஸிலில் ஒரு ஓரம் மட்டும் ஒட்டி, மறு ஓரத்தில் வெளிச்சம் தெரிந்தால் ஜாக்கி சாயத் தொடங்கிவிட்டது. உடனே இறக்கி, திரும்ப வையுங்கள். ஸ்டெப்னியை சேஸிஸுக்கு அடியில் படுக்கப் போட்டுவிடுங்கள். வண்டி விழுந்தாலும் அதன்மேல்தான் விழும். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றியதும் அதை உள்ளே தள்ளிவிட்டு, பிறகு ஸ்டெப்னியை வெளியே எடுங்கள்.

ஹை-லிஃப்ட் ஜாக்கி (நீளமான இரும்புத் தண்டில் படிப்படியாக ஏறும் ஜாக்கி) வைத்திருப்பவர்கள் இறக்கும்போதுதான் அதிகம் அடிபடுகிறார்கள். பாரம் இருக்கும்போது கைப்பிடி துள்ளி மேலே வரும், தாடையை உடைக்கும் வேகம் அதற்கு உண்டு. முகத்தைக் கைப்பிடியின் பாதையிலிருந்து விலக்கி, இரண்டு கையாலும் பிடித்து இறக்குங்கள். பிளாஸ்டிக் பம்பரில் அதைக் கொடுக்கவே கூடாது.

நட்டுகளை எதிரெதிராக முறுக்குங்கள். 50 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி, வீல் ஸ்பானரை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள்.