பாறையில ஒட்டியிருக்குற நம்ம பங்காளி

துறைமுகத்துல கல்லு, தூணு, படகோட அடிப்பக்கம்னு எங்க பாத்தாலும் சின்ன தோல்பை கணக்கா ஒண்ணு ஒட்டியிருக்கும், பேரு அசிடியன். அமுக்கினா தண்ணிய பீச்சி அடிக்கும். தலை கிடையாது, எலும்பு கிடையாது, இடத்த விட்டு நகரவும் செய்யாது. அதனால ரொம்ப காலம் இத சிப்பி, நத்தை கூட்டத்துலதான் சேர்த்து வச்சிருந்தாங்க.

1866ல ரஷ்ய விஞ்ஞானி அலெக்சாண்டர் கோவலெவ்ஸ்கி இதோட லார்வாவ, அதாவது முட்டையிலேர்ந்து வர்ற குஞ்சு பருவத்த பத்தி எழுதினதும் கதையே மாறிடுச்சு. லார்வா பாக்க தலைப்பிரட்டை போல வாலாட்டி நீந்துது, வாலுக்குள்ள விறைப்பா ஒரு தண்டு, அதான் முதுகுநாண், அதுக்கு மேல குழாயா ஒரு நரம்பு. அப்புறம் தலைய ஒரு பாறையில ஒட்ட வச்சு வால உள்ள இழுத்து கரைச்சிடுது, முதுகுநாணும் அதோட போச்சு. ஆனாலும் இது முதுகுநாணிதான், அதாவது நாமளும் இருக்குற அதே பெரிய தொகுதி, ஏன்னா வாழ்க்கையில ஏதாவது ஒரு கட்டத்துல அந்த தொகுதியோட அடையாளங்கள் இருந்தாலே போதும்.

அந்த அடையாளங்கள் நாலு: முதுகுநாண், முதுகுப்பக்கம் குழாய் நரம்பு (கரப்பானுக்கு இது வயித்துப்பக்கம், அதுவும் கெட்டியா), தொண்டையில பிளவுகள், ஆசனவாய்க்கு பின்னாடி நீளுற வால். நாமளும் அம்மா வயித்துல இருக்கப்ப இதோடதான் இருந்தோம்! தொண்டையில பிளவு முழுசா திறக்காது, மடிப்பா வந்து அதுல முதல் மடிப்பு நடுக்காதா மாறிடும். வால் 8 வாரத்துக்குள்ள மறைஞ்சு வால் எலும்பா மிஞ்சுது. முதுகுநாண் இருந்த இடத்த முதுகெலும்பு பிடிச்சுக்குது, மிச்சம் எலும்புகளுக்கு நடுவுல ஜெல்லியா நிக்குது. டிஸ்க் பிதுங்கிடுச்சுன்னு டாக்டர் சொல்றாரே, பிதுங்குறது அந்த ஜெல்லிதான், எனக்கு இத படிச்சப்ப உடம்பே சிலிர்த்துடுச்சு.

முதுகுநாணிகள்ல முதுகெலும்பு உள்ள கூட்டம்தான் முதுகெலும்பிகள், அதுல தாடையே இல்லாத லாம்ப்ரே மீன், முழுசும் குருத்தெலும்பான சுறா, எலும்பு மீன், தவளை, பல்லி, பறவை, பாலூட்டின்னு போகும், இதுல முதலைக்கு பல்லிய விட கோழிதான் நெருங்கின சொந்தம்.

நம்ம பாம்பன் பக்கம் குருசடைத் தீவு மணல்ல பலனோகிளாசஸ்னு ஒரு புழு உண்டு, அதுக்கும் தொண்டைப் பிளவு இருக்கு. மூக்குப்பக்கம் இருக்குற தண்ட முதுகுநாண்னு நினைச்சு நம்ம முதுகுநாணி தொகுதியிலயே வச்சிருந்தாங்க, அது வாய்க்குழியோட நீட்சிதான்னு தெரிஞ்சதும் தனித் தொகுதியா பிரிச்சுட்டாங்க. இப்போ அதுக்கு கிட்ட சொந்தம் நட்சத்திர மீன்.